மனிதன் பறவை அல்லன்

சினிமா இயந்திரத்தினின்றும் பிறந்த கலை. ஓவியனுக்குத் தூரிகை போதும். பாடகனுக்குக் குரல் போதும். திரைப்படம் ஆக்குவோனுக்கோ கண்ணாடி வில்லை, பற்சக்கரம், இரசாயனம் பூசிய சுருள், மின்னொளி ஆகிய யாவும் வேண்டும். 1895ஆம் ஆண்டிலே லூமியேர் சகோதரர் பாரிசு நகரிற் பொதுமக்களுக்குக் காட்டிய முதற் படங்களுள் ஒன்று, தொழிற்சாலையின் கதவு திறக்கத் தொழிலாளர் வெளியேறும் காட்சியேயாகும். ஆகவே இக்கலை தன்னை ஈன்ற இயந்திரத்தைப் புகழ்ந்து பாடத் தொடங்கியதில் வியப்பேதுமில்லை. அப்பாட்டு நெடுநாள் ஒலித்த பின்னர், அதே கலை அதனைக் கேட்டுச் சிரிக்கவும் கற்றுக்கொண்டது. அச்சிரிப்பின் வரலாற்றிலே ஓர் அத்தியாயம் இன்றைய பேச்சின் பொருளாக அமைகின்றது.

முதலிற் புகழ்ச்சியைப் பார்ப்போம். சோவியத்து நாட்டின் முதலாவது ஐந்தாண்டுத் திட்டம் நடைபெற்ற காலத்தில், சீகா வெர்த்தோவ் என்னும் கலைஞர் தொன்பாஸ் என்ற நிலக்கரிப் பிரதேசத்துக்குச் சென்று, 1930ஆம் ஆண்டில் ‘உற்சாகம்’ என்னும் படத்தை எடுத்தார். அடுத்த ஆண்டில் அது வெளியாயிற்று. அப்படம் வானொலி நேயர்களுக்கு ஒருவகையில் உறவுடையது. ஒரு பெண் காதிலே கேட்பொறியைப் பொருத்திக்கொண்டு வானொலி கேட்கும் காட்சியுடன் அது தொடங்குகின்றது. உலைகளின் உறுமலையும், சம்மட்டிகளின் ஓசையையும், ஊதுகுழல்களின் அலறலையும் உரிய இடங்களுக்கே சென்று பதிவு செய்து, அவற்றையே சங்கீதமாகக் கோத்தார் வெர்த்தோவ். தொடர்பற்ற காட்சிகளையும் ஒலிகளையும் அடுத்தடுத்து வைத்து, அவை ஒன்றோடொன்று மோதும்போது புதியதொரு கருத்துப் பிறக்கச் செய்தல் அக்காலத்துச் சோதனைச் சினிமாவின் தலையாய உத்தி. அந்த உத்தி ‘உற்சாகம்’ என்ற படத்திலே கைத்தொழில் முன்னேற்றத்துக்குத் துதிபாடும் கருவியாயிற்று.

ஐந்தாறு ஆண்டுகள் கழித்து, 1936ஆம் ஆண்டில், சார்லி சாப்ளின் ‘நவீன காலம்’ என்ற படத்தில் ஓடும் பட்டியின் முன்னே நின்று திருகாணி முடுக்கி முடுக்கிப் பித்துப் பிடித்த தொழிலாளியாக நடித்ததை நேயர்கள் பலர் அறிவர். அங்கே தொழிற்சாலை முதலாளியின் சொத்து. உழைப்பவன் அதற்கு அடிமை. முதலாளியை நோக்கிச் சிரிப்பது எளிது. ஆனால், தொழிற்சாலை தொழிலாளருக்கே உரியது என்று சட்டம் பிரகடனம் செய்த ஒரு நாட்டிலே, அத்தொழிற்சாலையைப் பார்த்து ஒரு கலைஞன் சிரிக்கலாமா? சிரித்தால், யாரை நோக்கிச் சிரிப்பதாகும்? இக்கேள்வியை யூகோசிலாவியா நாட்டில் ஒருவர் எழுப்பினார். அவர் துசான் மக்கவேயெவ்.

அவருடைய சிரிப்பின் பொருளை உணர, அந்நாடு கொண்டிருந்த நம்பிக்கையின் ஆழத்தை முதலில் உணரவேண்டும். இரண்டாம் உலக யுத்தத்திலே பாழாகிய யூகோசிலாவியா, 1947ஆம் ஆண்டில் தன் முதலாவது ஐந்தாண்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த ஆண்டிலேயே ஸ்ராலினோடு பிணக்குற்றுத் தனித்து நின்றது. தனித்து நின்ற நாட்டுக்கு உருக்கும், செம்பும், நிலக்கரியும் பொருளாதாரப் பண்டங்கள் மாத்திரமல்ல; மானத்தின் சின்னங்களுமாயின. 1949ஆம் ஆண்டில் பிரேசா சுரங்கத்திலே அலியா சிரோத்தனோவிச் என்ற தொழிலாளி தம் குழுவினருடன் வெட்டிய நிலக்கரி, சோவியத்து வீரன் ஸ்தக்கானோவின் சாதனையை விஞ்சிவிட்டது என்று நாடெங்கும் பறைசாற்றப்பட்டது. 1950ஆம் ஆண்டிலே தொழிற்சாலைகளின் நிருவாகம் தொழிலாளர் சபைகளுக்குரியது என்று சட்டம் இயற்றப்பட்டது. கிராமங்கள் நகரங்களை நோக்கி நடந்தன. அப்பத்தாண்டிலே உலகில் மிக விரைவாக வளர்ந்த பொருளாதாரங்களுள் யூகோசிலாவியாவும் ஒன்று. 1961ஆம் ஆண்டு செப்டெம்பரில் அணிசேரா நாடுகளின் முதலாவது மாநாடு பெல்கிரேட் நகரிற் கூடியபொழுது, இலங்கை உட்பட இருபத்தைந்து நாடுகள் அங்கு இடம்பெற்றன. அவற்றுட் பல அண்மையில் விடுதலை பெற்றவை. அணைக்கட்டும் ஆலையும் தங்கள் வறுமையைத் தீர்க்கும் என்று நம்பியவை. விருந்தளித்த நாடு அந்நம்பிக்கைக்கு ஒரு முன்மாதிரியாகத் தோன்றியது.

மக்கவேயெவ் 1932ஆம் ஆண்டிலே பெல்கிரேட்டிற் பிறந்தவர். முதலிற் பயின்றது உளவியல். 1955இல் அத்துறையிலே பட்டம் பெற்றார். மக்கள் ஏன் நம்புகிறார்கள், எப்படி நம்பவைக்கப்படுகிறார்கள் என்பது அவருடைய வாழ்நாள் ஆராய்ச்சியாயிற்று. சினிமாச் சங்கம் ஒன்றிற் சேர்ந்து சிறு படங்களை எடுத்துப் பழகினார். 1958ஆம் ஆண்டில் அவர் எடுத்த ‘சிலைகளை நம்பவேண்டாம்’ என்ற ஐந்து நிமிடப் படத்திலே, ஓர் இளம்பெண் பூங்காவிலுள்ள சிலையொன்றைக் காதலிக்க முயல்கின்றாள். கல் அசையவில்லை. 1962ஆம் ஆண்டில் எடுத்த ‘அணிவகுப்பு’ என்ற படத்தில், மேதின ஊர்வலத்துக்கு நகரம் ஆயத்தமாவதைக் காட்டினார். வரிசையில் நிற்கக் காத்திருக்கும் மக்கள், வேடிக்கை பார்க்க வந்தோர், தூக்கிச் செல்லப்படும் உருவப்படங்கள் ஆகியன வருகின்றன. ஊர்வலத்தின் கம்பீரத்திலும் பார்க்க, அதன் ஓரத்திலே நின்ற மனிதரின் முகங்களே அவர் கண்ணைக் கவர்ந்தன. அதிகாரிகள் அதனை இரசிக்கவில்லை.

தம் முதலாவது முழுநீளப் படத்துக்கு அவர் தெரிந்தெடுத்த இடம் பொர் என்ற ஊர். கிழக்குச் சேர்பியாவில் உள்ள அவ்வூர் செப்புச் சுரங்கத்தாற் பிறந்து செப்புச் சுரங்கத்தால் வளர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அங்கு செப்புக் கனியம் கண்டுபிடிக்கப்பட்டபின், 1904ஆம் ஆண்டு முதல் பிரெஞ்சுக் கம்பனியொன்று அதனைத் தோண்டியது. இரண்டாம் உலக யுத்தத்திலே ஜெர்மானியர் அதைக் கைப்பற்றி, ஆயிரக்கணக்கானோரைக் கட்டாய உழைப்பில் ஈடுபடுத்தினர். ஹங்கேரிய மகாகவி மிக்லோஷ் ரட்னோத்தி அவர்களுள் ஒருவர். 1944ஆம் ஆண்டு அவ்வூர் முகாமிலே அவர் ஒரு சிறு குறிப்புப் புத்தகத்திற் கவிதைகள் எழுதினார். அங்கிருந்து கால்நடையாக நடத்திச் செல்லப்பட்ட வழியிலே சுட்டுக் கொல்லப்பட்டார். புதைகுழியைத் தோண்டியபோது அப்புத்தகம் அவருடைய உடையிலிருந்து கிடைத்தது. யுத்தம் முடிந்தபின் சுரங்கம் மக்களின் சொத்தாயிற்று. கொடி மூன்று முறை மாறிற்று. உலையின் புகை மாறவில்லை. படத்திலே இவ்வரலாறு விரித்துரைக்கப்படவில்லை. எனினும், முன்னேற்றம் என்ற சொல்லைச் சோதித்துப் பார்க்க இதனினும் பொருத்தமான உரைகல் அந்நாட்டில் அரிதாகவே இருந்திருக்கும்.

படம் 1965ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதன் பெயர் ‘மனிதன் பறவை அல்லன்’. காதற் படம் என்று ஒரு துணைப்பெயரும் அதற்குண்டு. தொடக்கத்திலேயே ரோக்கோ என்னும் மனோவசியக்காரர் தோன்றி, மாயம், மூடநம்பிக்கை ஆகியன பற்றிச் சபையோருக்கு விரிவுரை செய்கின்றார். அவர் நடிகரல்லர், உண்மையான மனோவசியக்காரர். பின்னர் அவரது மேடைக் காட்சியிலே ஊரார் சிலர் அறிதுயிலில் ஆழ்த்தப்படுகின்றனர். நீங்கள் பறவைகள் என்று அவர் கூறியதும், அவர்கள் கைகளைச் சிறகாக அடித்துப் பறக்க முயல்கின்றனர். சபையோர் விழுந்து விழுந்து சிரிக்கின்றனர். மூடநம்பிக்கையை ஒழிக்க வந்தவரே மக்களை மயக்கத்தில் ஆழ்த்தும் வினோதத்தை இயக்குநர் விளக்கவில்லை, காட்டிவிட்டு நகர்கின்றார்.

கதை எளியது. யான் ருடின்ஸ்கி என்ற நடுத்தர வயதினர், பாரிய இயந்திரங்களைப் பொருத்துவதில் வல்லவர், வேலையின் நிமித்தம் அவ்வூருக்கு வருகின்றார். சிகை அலங்கார நிலையத்தில் வேலைசெய்யும் ரைக்கா என்ற இளம்பெண், அவருக்குத் தன் பெற்றோரின் வீட்டில் அறையொன்று ஒழுங்கு செய்கின்றாள். இருவருக்கும் இடையே காதல் அரும்புகின்றது. ஆனால் யானுக்குத் தொழிலே தெய்வம். குறித்த தவணைக்கு முன்னதாகவே இயந்திரத்தைப் பூட்டி முடிக்கவேண்டும் என்பதே அவருடைய எண்ணம். தனித்துவிடப்பட்ட ரைக்கா, பொஷ்கோ என்ற லொறிச் சாரதியின் பக்கம் சாய்கின்றாள்.

இதற்குச் சமாந்தரமாக இன்னொரு கதை செல்கின்றது. பார்புலோவிச் என்ற முரட்டுத் தொழிலாளி உலைக்களத்திலே பாடுபடுகின்றான். மாலையிலே குடித்துக் கலகம் விளைக்கின்றான். மனைவியின் ஆடைகளை எடுத்துத் தன் காதலிக்குக் கொடுத்துவிடுகின்றான். சந்தையிலே தன் சட்டையை இன்னொருத்தி அணிந்து நிற்பதைக் கண்ட மனைவி அவளோடு கட்டிப் புரள்கின்றாள். அதே பார்புலோவிச்சைத்தான், தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க வந்த பாடசாலைப் பிள்ளைகளுக்கு, உடலுழைப்புக்கு ஓர் எடுத்துக்காட்டாகச் சுட்டிக் காட்டுகின்றனர். வீட்டிலே ஒரு பெண்ணின் துயரத்துக்குக் காரணமானவன், உலையின் முன்னே ஒரு பாடப்புத்தகப் படமாகிவிடுகின்றான். அரசு அவனது தோளைக் கண்டது. அவன் மனைவியின் கண்ணீரைக் காணவில்லை. செப்புக் கம்பியைத் தன் உடம்பிலே சுற்றிக்கொண்டு களவாக வெளியே கொண்டுபோக முயலும் தொழிலாளியொருவனும் படத்தில் வருகின்றான். ஆலை எல்லோருக்கும் உரியது என்று கேட்டுக் கேட்டு, தன் பங்கை அவன் தானே எடுத்துக்கொண்டான் போலும்.

பார்புலோவிச்சின் மனைவி மனோவசியக் காட்சியைப் பார்க்கச் செல்கின்றாள். அங்கே அவளுக்கு ஓர் உண்மை விளங்குகின்றது. இவ்வளவு காலமும் தன் கணவன் தன்னை வசியம் செய்தே வைத்திருந்தான் என்று அவள் முடிவுசெய்கின்றாள். படிப்பில்லாத ஒரு பெண் கண்ட அவ்வுண்மையை, பட்டம் பெற்ற அதிகாரிகள் எவரும் அப்படத்திற் காணவில்லை.

படத்தின் உச்சக் கட்டம் ஓர் இசைவிழா. யான் தம் வேலையை முன்கூட்டியே முடித்துவிட்டார். அவரைக் கௌரவிக்கத் தொழிற்சாலை மண்டபத்திலேயே ஏற்பாடு நடக்கின்றது. நகரிலிருந்து வாத்தியக் குழுவும் பாடகரும் வந்து, பேதோவனின் ஒன்பதாவது சிம்பொனியை இசைக்கின்றனர். மானிட சகோதரத்துவத்தைப் போற்றும் அந்த ஆனந்த கீதம் இயந்திரங்களுக்கிடையே எழுகின்றது. யானுக்குப் பதக்கம் சூட்டப்படுகின்றது. அதே இசை தொடர்ந்து ஒலிக்க, காட்சி மாறுகின்றது: ரைக்காவும் பொஷ்கோவும் ஒருவரையொருவர் தழுவிக் கிடக்கின்றனர். மீண்டும் மண்டபம், மீண்டும் காதலர். வெர்த்தோவ் தொழிலின் மகிமையைப் பாடுவதற்குப் பயன்படுத்திய அதே உத்தியை, காட்சியோடு காட்சியை மோதவிடும் உத்தியை, மக்கவேயெவ் இங்கே தலைகீழாக்கிவிட்டார். நாடு யாவருக்கும் ஆனந்தம் என்று பாடுகின்றது. பதக்கம் பெற்றவரோ அதே வேளையில் தம் ஆனந்தத்தை இழந்துகொண்டிருக்கிறார். அதை அவர் அறியார், பார்ப்போர் அறிவர்.

இந்நகைச்சுவையின் இயல்பை விளக்கத் தமிழ் இலக்கண மரபே கைகொடுக்கின்றது. தொல்காப்பியர் அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இரண்டாக வகுத்தார். முன்னையது வெளிப்படையாக வைவது. பின்னையது புகழ்வதுபோலத் தோன்றிப் பழிப்பை உள்ளே கரந்து வைப்பது. அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவனுடைய படைக்கலக் கொட்டிலைக் கண்டு, இவை நெய் பூசி மாலை சூட்டிப் பளபளவென்று இருக்கின்றன. அதியமானுடையனவோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையிலே கிடக்கின்றன என்ற கருத்துப்படப் பாடிய புறநானூற்றுச் செய்யுள் அதற்குத் தக்க சான்று. மக்கவேயெவ் கையாண்டதும் இவ்வழியே. பதக்கம், பாராட்டுரை, பேதோவனின் இசை, பிள்ளைகளின் சுற்றுலா ஆகிய ஒவ்வொன்றும் அரசாங்கச் செய்திப்படத்தில் வரக்கூடிய காட்சிகளே. அவற்றை அவர் குறைக்கவுமில்லை, திரிக்கவுமில்லை. அவற்றின் பக்கத்திலே வேறொரு காட்சியை வைத்தார், அவ்வளவுதான்.

இனி, இதற்கு ஒரு மறுப்பு எழலாம். யுத்தத்தால் எரிந்த கிராமங்களுக்கு மின்சாரமும், எழுத்தறியாதோருக்குப் பள்ளியும், கூரையற்றோருக்கு வீடும் அந்தத் தொழிற்சாலைகளாலன்றோ வந்தன? அவற்றைக் கட்டியவர்களைப் பார்த்துச் சிரித்தல் நன்றிகெட்ட செயலாகாதா? இம்மறுப்பு அற்பமானதன்று. கைத்தொழில் வளர்ச்சி அந்நாட்டு மக்களின் வாழ்வை உயர்த்தியது என்பது உண்மை. ஆனால் படத்தைக் கூர்ந்து நோக்குவோர் ஒன்றை உணர்வர். யான் ஒரு கேலிச்சித்திரமன்று. அவருடைய கைத்திறன் மெய்யானது. அவர் தூக்கி நிறுத்தும் இயந்திரம் மெய்யானது. உலையின் முன்னே வியர்க்கும் தொழிலாளரின் உழைப்பும் மெய்யானது. ஒளிப்பதிவாளர் அலெக்சாந்தர் பெட்கோவிச் அவ்வுழைப்பைச் செய்திப்படத்துக்குரிய நேர்மையுடனேயே பதிவு செய்துள்ளார். படம் எள்ளுவது உழைப்பை அன்று. உழைப்பைச் சுற்றிப் பின்னப்பட்ட மயக்கத்தை. தொன் கணக்கிலே செம்பு உயர்ந்தால் மனிதனும் தானாகவே உயர்ந்துவிடுவான் என்ற நம்பிக்கையே அம்மயக்கம். பறக்கிறாய் என்று சொல்லப்பட்டவன் கையை அசைக்கிறான். கால் தரையிலேயே நிற்கிறது.

இப்படம் வெளியான அதே 1965ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், யூகோசிலாவியா தன் பொருளாதாரத்தைச் சந்தையின் போக்குக்குத் திறந்துவிடும் பெரும் சீர்திருத்தத்தைத் தொடங்கியது. வேலையின்மை பெருகியது. சொந்தத் தொழிற்சாலைகளின் உடைமையாளர் என்று அழைக்கப்பட்ட தொழிலாளர்கள் இலட்சக்கணக்கில் மேற்கு ஜெர்மனி முதலிய நாடுகளுக்குக் கூலி வேலை தேடிச் சென்றனர். படத்திலே கலைஞன் கண்ட பிளவு, சில ஆண்டுகளில் நாட்டின் வாழ்விலே வெளிப்படையாயிற்று.

அக்காலத்து யூகோசிலாவியா, தன் அயல்நாடுகள் பலவற்றிலும் பார்க்கக் கலைஞருக்குக் கூடிய சுதந்திரம் அளித்தது என்பதையும் சொல்லவேண்டும். இத்தகைய படமொன்று அரச ஆதரவு பெற்ற நிலையமொன்றில் உருவானதே அதற்குச் சான்று. ஆனால் அப்பொறுமை நீடிக்கவில்லை. 1969ஆம் ஆண்டு ‘போர்பா’ என்ற பத்திரிகை, மக்கவேயெவ் முதலியோரின் படங்களைக் கறுப்பு அலை என்று பெயரிட்டுத் தாக்கியது. 1971ஆம் ஆண்டில் மக்கவேயெவ் எடுத்த மற்றொரு படம் தாய்நாட்டிலே பல ஆண்டுகள் பொதுமக்களுக்குக் காட்டப்படவில்லை. லாசார் ஸ்தோயனோவிச் என்ற மாணவர், தம் பட்டப் பயிற்சிக்காக எடுத்த படத்தின் காரணமாகச் சிறை புகுந்தார். 1973ஆம் ஆண்டில் மக்கவேயெவ் நாட்டைவிட்டு வெளியேறினார். தன்னைப் பார்த்துச் சிரித்தவர்களை அந்நாடு எதிரிகளாகக் கண்டது. அவர்கள் சுட்டிய பிளவு சிரிப்பினால் உண்டானதன்று. சிரிப்பை அடக்கியதால் அது மூடப்படவுமில்லை. 1991ஆம் ஆண்டு முதல் யூகோசிலாவியா இரத்தம் சிந்திச் சிதறியது. அச்சிதைவுக்குக் காரணங்கள் பல. அவற்றைச் சினிமாவில் மாத்திரம் தேடுதல் பேதைமை. எனினும், குறையைக் காட்டும் கண்ணாடியை உடைத்த வீட்டிலே முகம் அழகாவதில்லை என்பதை அவ்வரலாறு உணர்த்துகின்றது.

மக்கவேயெவ் 2019ஆம் ஆண்டு சனவரியிலே பெல்கிரேட்டில் தமது எண்பத்தாறாவது வயதிற் காலமானார். பொர் நகரச் சுரங்கமோ நின்றுவிடவில்லை. 2018ஆம் ஆண்டில் சீனக் கம்பனியொன்று அதன் பெரும்பங்கை வாங்கியது. கொடி நான்காம் முறையும் மாறிற்று. உலைகளிலிருந்து எழும் கந்தகப் புகைபற்றி அந்நகர மக்கள் அதன் பின்னரும் முறையிட்டு வந்துள்ளனர். செம்பின் தேவையோ குறையவில்லை. மின்சாரத்தால் ஓடும் வாகனங்களுக்கும் அது இன்றியமையாதது. உலகம் புதியதொரு முன்னேற்றத்தைப் பற்றிப் பேசும்பொழுதும், அதற்கான மண்ணைத் தோண்டுவது அதே ஊரிலேதான்.

ஆலை வேண்டாம் என்று மக்கவேயெவ் எவ்விடத்திலும் சொல்லவில்லை. எத்தனை தொன் என்று ஒரு நாடு கேட்கும்போது, அதே மூச்சில் வேறொரு கேள்வியையும் கேட்கவேண்டும் என்பதே அவர் படம் விடுக்கும் வேண்டுகோள். பதக்கம் அணிந்தவர் அன்றிரவு எந்த வீட்டுக்குத் திரும்பினார்? அவ்வீட்டிலே அவருக்காக யார் காத்திருந்தார்? திட்ட அறிக்கைகளிலே இவற்றுக்கு இடமில்லை. ஆகையாற்றான் அவற்றைக் கேட்கும் பொறுப்பு கலைக்கு உரியதாகின்றது.